சென்னையில் சிறு தொழில் கூட்டத்துக்கு அறை எடுப்பது எப்படி? முன்பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

டீலர் கூட்டம், புதிய பொருள் அறிமுகம், விற்பனை ஆட்களுக்குப் பயிற்சி என்று சிறு நிறுவனங்களுக்கு வருடத்தில் சில தடவையாவது வெளியே ஓர் அறை தேவைப்படுகிறது. இருபது பேரில் இருந்து அறுபது பேர் வரை வருவார்கள். அலுவலகத்தில் இடம் போதாது. கல்யாண மண்டபம் எடுத்தால் பாதி காலியாகக் கிடக்கும். இதற்கு ஏற்ற அறைகள் சென்னையில் நிறையவே இருக்கின்றன. ஆனால் முதல் தடவை எடுப்பவருக்கு என்ன கேட்க வேண்டும் என்றே தெரியாது. இடத்துக்காரர்களும் கேட்டால்தான் சொல்வார்கள்.

எங்கள் நிறுவனத்துக்காக இந்த வேலையில் அலைந்து, போனில் சொன்ன வாடகைக்கும் கடைசியில் வந்த பில்லுக்கும் நடுவே இருந்த வித்தியாசத்துக்காகப் பேசிப் பேசிக் களைத்த பிறகு இதை எழுதுகிறேன். முன்பணம் கட்டும் வரைதான் உங்கள் பேச்சு எடுபடும். கேட்க வேண்டியதை எல்லாம் அதற்கு முன்னால் கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

1. நாற்காலியை எப்படிப் போடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"எத்தனை பேர் உட்காரலாம்?" என்று கேட்டால், எல்லா இடத்திலும் சொல்வது தியேட்டர் வரிசைக் கணக்குதான். மேசை இல்லாமல், நாற்காலி மட்டும் வரிசையாகப் போட்டால் எத்தனை பேர் கொள்ளும் என்ற எண் அது. அப்படி உட்கார ஒருவருக்குத் தோராயமாக 10 சதுர அடி போதும். முன்னால் மேசை வைத்து எழுதும்படி வகுப்பறை மாதிரி போட்டால் ஒருவருக்கு 18 முதல் 20 சதுர அடி வேண்டும். நடுவே இடம் விட்டு யு வடிவத்தில் மேசை போட்டால் 30 சதுர அடிக்கு மேல் போகும்.

அதாவது 60 பேர் கொள்ளும் என்று சொல்லப்படும் 600 சதுர அடி அறையில், குறிப்பெடுக்க வேண்டிய பயிற்சி என்றால் 30 பேர்தான் வசதியாக உட்கார முடியும். யு வடிவம் என்றால் 20 பேருக்கே நெருக்கம். இதில் மேடை, திரை, பொருள்களைக் காட்டும் மேசை, பின்னால் காபி மேசை ஆகியவற்றுக்கும் இடம் போகும். அதனால் ஆள் எண்ணிக்கையைச் சொல்லி விசாரிக்காதீர்கள். "30 பேர், வகுப்பறை அமைப்பு, முன்னால் இரண்டு டெமோ மேசை" என்று சொல்லி விசாரியுங்கள். பதில் உடனே மாறும்.

காலையில் பேச்சு, மதியத்துக்கு மேல் குழுவாக உட்கார்ந்து வேலை என்று திட்டம் இருந்தால், நடுவில் மேசைகளை மாற்றிப் போடுவது யார், அதற்குத் தனிக் கட்டணமா என்றும் கேளுங்கள். சக்கரம் வைத்த மடக்கு மேசைகள் உள்ள இடத்தில் சாப்பாட்டு இடைவேளையிலேயே மாற்றிவிடலாம். கனமான மர மேசைகள் என்றால் அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

2. தேதியைப் பஞ்சாங்கத்தோடு பாருங்கள்

ஓட்டல் ஹாலாக இருந்தாலும் மண்டபத்தின் மினி ஹாலாக இருந்தாலும், விலையைத் தீர்மானிப்பது முகூர்த்த நாள்தான். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் அறை கிடைப்பதே சிரமம். கிடைத்தாலும் பக்கத்து ஹாலில் நாதஸ்வரம் ஒலிக்கும், பார்க்கிங் நிரம்பிவிடும். ஆடியிலும் மார்கழியிலும் அதே மினி ஹால் காலியாக இருக்கும். பேரம் பேச ஏற்ற மாதங்கள் இவை. ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஜவுளி, வீட்டு உபயோகப் பொருள் கடைக்காரர்கள் கடையை விட்டு வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். புரட்டாசியில் அசைவ மெனு சொன்னால் பாதி அப்படியே மிஞ்சும்.

கணக்காளர்களோ வியாபாரிகளோ வரும் கூட்டத்தை மாதத்தின் 11-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் அருகில் வைக்க வேண்டாம். ஜிஎஸ்டி ரிட்டன் வேலையில் இருப்பார்கள். குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கும் டீலர் கூட்டம் என்றால் ராகு காலத்தையும் பார்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை, சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை வரை. உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். வருகிறவர்களில் பலருக்கு உண்டு.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் வைத்தால் தேதியைத் தள்ளிவைக்கும் வசதி இல்லாத இடத்தை எடுக்கவே கூடாது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

3. எந்த வகை இடம் உங்களுக்குச் சரி?

பல நிறுவனங்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கோவர்க்கிங் அலுவலகங்களில் உள்ள மீட்டிங் அறை மணிக்கணக்கில் கிடைக்கும். இருபது பேருக்குள் என்றால் செலவு குறைவு. திரை, இணையம் எல்லாம் தயாராக இருக்கும். சிக்கல் வாசலில்தான். வருகிறவர்களின் பெயர்ப் பட்டியலை முன்பே கேட்பார்கள். வரவேற்பில் ஒவ்வொருவரும் போன் எண் கொடுத்து ஓடிபி சொல்லி உள்ளே வர வேண்டியிருக்கும். வயதான டீலர்கள் வரும் கூட்டத்தில் இதற்கே அரை மணி நேரம் போய்விடும். இன்னொன்று, சில ஐடி கட்டடங்களில் மத்திய ஏசி மாலையிலும் வார இறுதியிலும் நிற்கும். ஓடவிட வேண்டும் என்றால் மணிக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்பார்கள்.

ஓட்டல்களில் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்ற பேக்கேஜ்தான். அறை, இரண்டு வேளை டீ, மதியச் சாப்பாடு, தண்ணீர், புரொஜெக்டர் எல்லாம் அதில் அடங்கும். ஒரே ஆளிடம் பேசினால் போதும் என்பது பெரிய நிம்மதி. முழுநாள் கூட்டத்துக்கு நான் இதைத்தான் விரும்புவேன்.

தொழிற்பேட்டைச் சங்கங்களின் ஹால்களைப் பலர் யோசிப்பதே இல்லை. கிண்டி, அம்பத்தூர் மாதிரி இடங்களில் உங்கள் நிறுவனமோ, உங்களுக்குத் தெரிந்த நிறுவனமோ சங்க உறுப்பினராக இருந்தால் கட்டாயம் விசாரியுங்கள். இயந்திரத்தைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்றால் கம்பளம் விரித்த ஓட்டல் ஹாலைவிட இந்த இடங்கள் வசதி.

கல்யாண மண்டபத்தின் மினி ஹால் வாடகை குறைவாகத் தெரியும். கரண்ட் யூனிட், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, நாற்காலி, சவுண்ட் எல்லாம் தனித்தனியாக மேலே ஏறும். எல்லாவற்றையும் கூட்டிய பிறகுதான் மற்ற இடங்களோடு ஒப்பிட வேண்டும்.

இடம் எங்கே என்பதையும் வருகிறவர் பக்கம் இருந்து பாருங்கள். மதுரை, திருநெல்வேலிப் பக்கம் இருந்து பஸ்ஸில் வருபவர்கள் இப்போது கிளாம்பாக்கத்தில்தான் இறங்குகிறார்கள். காலை நெரிசலில் அங்கிருந்து நுங்கம்பாக்கம் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெளியூர்க்காரர்கள் அதிகம் என்றால், புறநகர் ரயிலும் மெட்ரோவும் சேர்ந்து வரும் கிண்டிப் பக்கம் பார்ப்பது நல்லது.

4. நேரில் போய்ப் பாருங்கள், குறிப்பாகத் தடுப்புச் சுவரை

இணையத்தில் உள்ள படத்தைப் பார்த்து எடுக்கவே கூடாது. நேரில் போகும்போது, உங்கள் கூட்டம் நடக்கும் அதே கிழமை, அதே நேரத்தில் போங்கள். செவ்வாய்க்கிழமை மதியம் அமைதியாக இருக்கும் இடம் ஞாயிற்றுக்கிழமை காலை வேறு மாதிரி இருக்கும்.

தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் அறைகளில் பெரும்பாலானவை, ஒரு பெரிய ஹாலை நகரும் தடுப்பால் இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்தவை. உங்களுக்கு ஒரு பகுதி, மற்றவருக்கு ஒரு பகுதி. சின்னக் கூட்டத்துக்குச் சின்ன வாடகை என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தடுப்பு சத்தத்தைத் தடுக்கிறதா என்பதில்தான் உங்கள் நாளே இருக்கிறது. ஒரு ஓட்டலில் எங்கள் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, தடுப்புக்கு அந்தப் பக்கம் பிறந்தநாள் விழா தொடங்கியது. மதியத்துக்கு மேல் பேசியது எதுவும் பின்வரிசையில் யாருக்கும் கேட்கவில்லை. மேலாளரிடம் கேட்டதற்கு, "அது தனி புக்கிங் சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். எழுத்தில் எதுவும் இல்லாததால் அவரை எதுவும் கேட்கவும் வழியில்லை.

அதனால் தடுப்பை மூடச் சொல்லி, கூட வந்தவரை அந்தப் பக்கம் நிற்கவைத்துச் சத்தமாகப் பேசச் சொல்லுங்கள். வார்த்தை புரிகிறது என்றால் அந்த அறை வேண்டாம். மேலே, பொய்க்கூரைக்கு உள்ளேயும் தடுப்பு தொடர்கிறதா என்று கேளுங்கள்; பல இடங்களில் கூரைக்கு மேலே திறந்துதான் இருக்கும், சத்தம் அந்த வழியாக வரும். இரண்டு பகுதிக்கும் ஏசியும் மைக்கும் தனித்தனியா, உங்கள் பகுதிக்குத் தனி வாசல் உண்டா, கழிப்பறைக்கு மற்றவர் கூட்டத்துக்குள் புகுந்து போக வேண்டுமா என்றும் பாருங்கள். "எங்கள் நேரத்தில் பக்கத்துப் பகுதியில் ஒலிபெருக்கி, இசை நிகழ்ச்சி இருக்காது, இருந்தால் வேறு அறை தரப்படும்" என்று ஒரு வரியைக் கொட்டேஷனில் சேர்க்கச் சொல்லுங்கள். பாதி இடங்கள் மறுக்கும். மறுக்காத இடத்தை எடுங்கள்.

உங்கள் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய்த் திரையில் போட்டுப் பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிள் மேசை வரை வருகிறதா, ஜன்னல் வெளிச்சத்தில் எழுத்து தெரிகிறதா என்று கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். பிளக் பாயிண்ட் எத்தனை என்று எண்ணுங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஏசிக்கும் சேர்த்தா, விளக்குக்கு மட்டுமா? கனமான சாம்பிள் கொண்டுவருவதாக இருந்தால் சரக்கு லிஃப்ட் உண்டா, அதன் கதவு அகலம் எவ்வளவு என்று அளந்துவிடுங்கள்.

5. கொட்டேஷனை வரிவரியாக வாங்குங்கள்

வாட்ஸ்அப்பில் வரும் ஒரு தொகை கொட்டேஷன் ஆகாது. மின்னஞ்சலில், கீழ்க்கண்டவை தனித்தனியாக இருக்க வேண்டும்:

- அறை கையில் கிடைக்கும் நேரம், காலி செய்ய வேண்டிய நேரம். அரைநாள் என்றால் பல இடங்களில் நான்கு மணி நேரம். பேனர் கட்டி நாற்காலி போடும் நேரமும் அதற்குள் வருகிறதா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்.
- கூடுதல் மணி நேரத்துக்குக் கட்டணம்.
- மைக் எத்தனை, திரை, எல்இடி, தொழில்நுட்ப ஆள்.
- மெனு, டீ எத்தனை தடவை. வெளிச் சாப்பாடு அனுமதி உண்டா, அதற்குக் கட்டணம் உண்டா.
- பார்க்கிங், துப்புரவு, ஜெனரேட்டர், கரண்ட்.
- திரும்பத் தரும் வைப்புத்தொகை எவ்வளவு, எத்தனை நாளில் தருவார்கள்.

பேக்கேஜில் பணம் அதிகம் போவது குறைந்தபட்ச உத்தரவாத எண்ணிக்கையில்தான், அதாவது ஆள் குறைந்தாலும் இத்தனை பேருக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும் என்ற எண்ணில். ஒரு கணக்குப் போடுவோம். தலைக்கு 1,200 ரூபாய், உத்தரவாதம் 30 பேர், ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 42,480 ரூபாய். வந்தது 22 பேர் என்றாலும் அதே தொகைதான். அப்போது ஒரு தலைக்கு 1,931 ரூபாய் ஆகிவிடுகிறது. வருகிறேன் என்று சொன்ன எல்லோரும் வருவதில்லை. அதனால் உறுதி சொன்னவர்களைவிடக் குறைத்து உத்தரவாதம் கொடுத்து, மேலே வரும் ஆட்களுக்கு அதே விலையில் பரிமாறுவீர்களா என்று கேளுங்கள். இறுதி எண்ணிக்கையைக் கூட்டத்துக்கு இரண்டு, மூன்று நாள் முன்பு சொல்லலாம் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

பில்லில் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டல்களும் உணவகங்களும் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

6. வரி விஷயத்தில் ஏமாறாதீர்கள்

ஹால் வாடகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் இதை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம், அதாவது நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். சாப்பாட்டுக்குக் கட்டிய வரியைப் பொதுவாக எடுக்க முடியாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு தடுக்கிறது. அதனால் வாடகையையும் சாப்பாட்டையும் ஒரே வரியில் போட்டுத் தரும் பில் உங்களுக்கு நஷ்டமாகலாம். எப்படிப் பிரித்துத் தருவார்கள் என்று முன்பே கேட்டு, உங்கள் கணக்காளரிடம் கொட்டேஷனைக் காட்டிவிடுங்கள்.

"எங்களுக்கு ஜிஎஸ்டி இல்லை, அதனால் விலை குறைவு" என்று சொல்லும் ஹால் உரிமையாளர்கள் உண்டு. நீங்கள் பதிவு செய்தவராக இருந்தால் வரி மறைந்துவிடாது. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாதவரிடம் இருந்து வணிகக் கட்டடத்தை வாடகைக்கு எடுக்கும் பதிவுதாரர், 18 சதவீதத்தை ஆர்சிஎம் முறையில் (இடத்துக்காரருக்குப் பதில் எடுப்பவரே அரசுக்கு வரி கட்டுவது) தானே கட்ட வேண்டும். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. கட்டியதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். ஆனால் முதலில் பணமாகக் கட்ட வேண்டும்.

பதிவு வேறு மாநிலத்தில் உள்ளவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். அசையாச் சொத்து சம்பந்தமான சேவைக்கு, சொத்து இருக்கும் மாநிலத்தின் வரிதான் விழும். புதுச்சேரியில் மட்டும் பதிவு வைத்திருக்கும் நிறுவனம் சென்னையில் ஹால் எடுத்தால், பில்லில் வருவது தமிழ்நாட்டு எஸ்ஜிஎஸ்டி (மாநில ஜிஎஸ்டி). ஓசூர் நிறுவனம் பெங்களூரில் எடுத்தால் கர்நாடக வரி. இரண்டையும் உங்கள் மாநிலப் பதிவில் உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது. ஆக, அந்த 18 சதவீதத்தையும் செலவாகவே வைத்து பட்ஜெட் போடுங்கள்.

உங்களுடையது கம்பெனியோ கூட்டு நிறுவனமோ என்றால் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே வருமான வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது) பற்றியும் கணக்காளரிடம் கேளுங்கள். 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட கட்டட வாடகைக்கு 10 சதவீதப் பிடித்தம் உண்டு. ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் அதை விட்டுவிட்டு மீதிக்குத்தான் கணக்கு. பிடிப்பீர்கள் என்பதை இடத்துக்காரரிடம் முன்பே சொல்லிவிட்டால், அன்று மாலை வாக்குவாதம் இருக்காது.

7. ஆவணங்களும் முன்பணமும்

உங்கள் பக்கம் தயாராக வைக்க வேண்டியவை: நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், ஜிஎஸ்டி சான்றிதழ் நகல், பான், பொறுப்பாளரின் அடையாள அட்டை. ஆதார் கேட்டால், எட்டு இலக்கம் மறைக்கப்பட்ட ஆதார் நகலைக் கொடுங்கள். ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

அவர்கள் பக்கம் இருந்து வாங்க வேண்டியவை: ஜிஎஸ்டி எண், பான், வங்கி விவரம், கையெழுத்திட்ட கொட்டேஷன். ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டு, பெயர் பொருந்துகிறதா, பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே இருந்து சமையல்காரரைக் கொண்டுவந்தால் அவருடைய உணவுப் பாதுகாப்பு உரிம நகலையும் கேட்டு வாங்குங்கள்.

முன்பணத்தை வங்கி வழியாகவே கட்டுங்கள். மினி ஹால்களில் ரொக்கமாகக் கேட்பார்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதை வருமான வரிக் கணக்கில் தொழில் செலவாகக் காட்ட முடியாது. முன்பணத்துக்கு ரசீது வவுச்சர் கேளுங்கள். பில் கடைசியில் தருவோம் என்பது சரிதான். முன்பணத்துக்கு ரசீது இப்போதே வேண்டும்.

8. ரத்தும் தள்ளிவைப்பும்

எத்தனை நாள் முன்பு ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்ற படிநிலை எழுத்தில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், தள்ளிவைக்கும் உரிமை. கனமழை எச்சரிக்கை, அரசு விடுமுறை அறிவிப்பு, போக்குவரத்து நிறுத்தம் ஆகியவற்றால் கூட்டம் நடக்காவிட்டால், முன்பணம் முழுவதும் அடுத்த ஆறு மாதத்துக்குள் வேறு தேதிக்குச் செல்லும் என்று ஒரு வரி கேளுங்கள். மழைக்காலத்தில் கேட்டால் தயங்குவார்கள். கோடையில் பேசும்போதே கேட்டுவிட்டால் எளிதில் ஒப்புக்கொள்வார்கள்.

9. கடைசி வாரம்

ஆறு வாரம் முன்பு இடத்தை முடித்துவிட்டால் மற்றது சிரமம் இல்லை. கடைசி வாரத்தில் இவற்றை மட்டும் பாருங்கள்.

பேனரை உள்ளே ஸ்டாண்டில் வையுங்கள். சுவரில் ஆணியோ டேப்போ கூடாது என்று பெரும்பாலான இடங்களில் விதி உண்டு. பெயிண்ட் உரிந்தால் வைப்புத்தொகையில் கழிப்பார்கள். வெளியே சாலையோரம் வைக்க மாநகராட்சி அனுமதி வேண்டும். ஒரு நாள் கூட்டத்துக்கு அந்த அலைச்சல் தேவையில்லை.

டீலர்களுக்குக் கொடுக்கும் பரிசுப் பையைத் துணியில் தைத்து வாங்குங்கள். பார்க்கத் துணி மாதிரி இருக்கும் நான்வோவன் பைகளும், பிளாஸ்டிக் பூசிய காகித டம்ளரும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டவை. கடையில் கிடைக்கிறது என்பதற்காக லோகோ அச்சடித்து வாங்கிவிடாதீர்கள்.

சினிமாப் பாட்டுப் போடுவதாக இருந்தால் இசை உரிமம் யார் எடுப்பது என்று ஓட்டலிடம் கேளுங்கள். கல்யாணத்துக்குச் சட்டத்தில் உள்ள விலக்கு தொழில் கூட்டத்துக்குக் கிடையாது. பாட்டு இல்லாமலே நடத்திவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

முந்தின நாள், அன்று பணியில் இருக்கப்போகும் மேலாளரின் பெயரையும் எண்ணையும் வாங்குங்கள். உங்களிடம் பேசி புக்கிங் முடித்த விற்பனை ஆள் ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் இருப்பார், போன் எடுக்கமாட்டார். கொட்டேஷனை அச்செடுத்துக் கையில் வையுங்கள்.

10. அன்றும், அதற்குப் பிறகும்

குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், அறையைப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலிக் கிழிசல், கம்பளக் கறை எல்லாம் அதில் தெரிய வேண்டும். வைப்புத்தொகைத் தகராறில் அதுதான் உங்கள் சாட்சி. சாப்பிடும்போது தட்டு எண்ணிக்கையை உங்கள் ஆள் ஒருவர் ஓட்டல் ஆளோடு சேர்ந்து குறித்து, இருவரும் கையெழுத்துப் போடட்டும்.

பில்லை அங்கேயே கொட்டேஷனோடு ஒப்பிட்டு, நிறுவனப் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு மீதியைக் கட்டுங்கள். அடுத்த மாதம் 14-ஆம் தேதிக்குப் பிறகு ஜிஎஸ்டிஆர் 2பி-யில் (விற்பவர்கள் உங்கள் எண்ணில் பதிந்த பில்களை ஜிஎஸ்டி இணையதளம் காட்டும் பட்டியல்) அந்த பில் ஏறியிருக்கிறதா என்று கணக்காளரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறாவிட்டால் இடத்துக்காரரின் கணக்குப் பிரிவுக்கு உடனே மின்னஞ்சல் போடுங்கள். வைப்புத்தொகை இன்னும் வராமல் இருந்தால் அதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.